பதினான்காம் மாடிப் பாட்டுக்காரர்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளில் நான் ஒருத்திதான் எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே படிப்பிக்கும் வகுப்பில் இருந்தேன். அந்த வகுப்பில் எனக்கு இடம் பிடிப்பதற்காக ஒரு பனிக்காலக் காலையில் அம்மா பாடசாலை வாசலில் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றவர். பின்னேரங்களில் புத்தகத்தை எடுத்துச் சத்தமாக வாசி என்பார். நான் வாசிப்பேன். தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் கடைச் சாமான் பட்டியலை வாசித்திருந்தாலும் அதே பூரிப்போடுதான் கேட்டிருப்பார். அந்தப் படிப்பால் வீட்டுக்கு ஒரு பிரயோசனம் வந்தது எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோதுதான். அந்த வருடம்தான் எங்கள் மாடிக்கு ஒரு பாட்டுக்காரர் குடிவந்தார்.

அவரைக் கண்ட முதல் நாளே எனக்குப் பயம். பாடசாலையால் வந்து எலிவேற்றரில் ஏறினேன். கதவு மூடப்போகும்போது ஒரு பெரிய கை உள்ளே நுழைந்து அதைத் தடுத்தது. கையைத் தொடர்ந்து ஊதா நிறக் கோட்டு, ரோமக் கொலர், வெள்ளைச் சப்பாத்து, ஒரு வாசனைத் திரவியக் கடை முழுவதும். வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்த காலத்தில் வெள்ளைச் சப்பாத்துப் போடும் ஒரு மனிதர் சாதாரணமானவராக இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. கைத்தொலைபேசியில் எனக்குத் தெரியாத மொழியில் கதைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எலிவேற்றரின் கண்ணாடி அதிர்ந்ததை நான் பார்த்தேன். பொத்தான்களுக்குப் பக்கத்தில் மூலையோடு ஒட்டிக்கொண்டு பதினான்கு வரைக்கும் மூச்சைப் பிடித்தேன். அவரும் பதினான்கில் இறங்கினார். எங்கள் வீட்டுக்கு அடுத்த கதவைத் திறந்தார்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டுக் கேட்கத் தொடங்கியது. பகல் நேரங்களில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். குரல் படிப்படியாக மேலே ஏறி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அறுந்து நிற்கும். யாரோ வாயைப் பொத்தியது போல இருக்கும். வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கும் நான் அந்த இடம் வருவதற்கு முன்பே காதுகளைப் பொத்திக்கொள்வேன்.

அம்மா வீட்டிலிருந்தே சாரிச் சட்டை தைத்துக் கொடுப்பவர். பையும் கையுமாகப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோவதைப் பாட்டுக்காரர் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் கதவு தட்டப்பட்டது. அம்மா சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கால் பார்த்தார். வெளியே அவர், உள்துணி கிழிந்த ஒரு கோட்டை இரண்டு கைகளிலும் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நின்றார். அவர் ஏதோ சொன்னார், அம்மாவும் ஏதோ சொன்னார். இரண்டு பேரிடமும் இருந்த ஆங்கிலத்தை ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு கோட்டுக்குப் போதாது. அம்மா உள்ளே திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

அவர் வாயில் ஒரு பிரெஞ்சுச் சொல் விழுந்ததைக் கேட்டு, நான் பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். அவர் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்கவில்லை. தெரியாத ஊர்ச் சந்தையில் சொந்தக்காரரைக் கண்டவர் போல இருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமானது. கொண்டுவருவதற்கு அவரிடம் கோட்டுகள் தீரவேயில்லை. ஒன்றில் தோளை இறக்க வேண்டும், இன்னொன்றில் இடுப்பைத் தளர்த்த வேண்டும். அம்மா அவரை ஒரு சிறிய ஸ்டூலில் ஏற்றி நிறுத்திவிட்டு ஊசி குத்துவார். அவர் அசையாமல் நின்று தன் கதையைச் சொல்வார். நான் கட்டிலின் விளிம்பில் இருந்து அதைத் தமிழாக்குவேன். அம்மாவின் வாயில் ஊசிகள் இருப்பதால் அவர் பதில் சொல்ல வேண்டிய தேவை வருவதில்லை.

கொங்கோவில் கின்ஷாசா என்ற பெரிய நகரம். அங்கே ஆற்றுக்குக் கிட்ட ஒரு சந்தையில் அவருடைய தாய் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை விற்றாராம். ஆட்களைக் கூப்பிடுவதற்காக ஆறு வயதில் பாடத் தொடங்கியிருக்கிறார். பிறகு தேவாலயத்தில் பாடினார். தோத்திரப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டியதற்காகப் பாதிரியார் அவரை வெளியே அனுப்பிவிட்டார். பதினேழு வயதில் நாலு சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு இசைக்குழு. சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாகக் கட்டிய ஒரு கிற்றார்தான் அவர்களின் முதல் சொத்து. அதை வாசித்தவரும் இவரும் ஒரே பாயில் படுத்து எழும்பியவர்கள். பத்து வருடத்தில் மேடையில் இருபத்தாறு பேர் நின்றார்கள். விளையாட்டு மைதானங்கள் நிரம்பின. பாரிசுக்கும் பிரசெல்சுக்கும் போய்ப் பாடினார்கள். அவர் இந்த மாதம் என்ன நிறக் கோட்டுப் போடுகிறாரோ அடுத்த மாதம் நகரத்து இளைஞர்கள் அந்த நிறத்துக்கு மாறினார்கள். பெண்கள் ஒரு புது விதமாகத் தலைமுடி பின்னி, அதற்கு அவருடைய பாட்டின் பெயரை வைத்தார்கள். சனங்கள் அவரை 'வியே' என்றுதான் அழைத்தார்களாம். பிரெஞ்சில் அதற்குக் கிழவர் என்று பொருள், ஆனால் அவர்களிடத்தில் அது மரியாதைச் சொல். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

அவர்களுடைய பாட்டுகளில் ஒரு பழக்கம் இருந்தது. பாட்டின் நடுவே, கிற்றார் வேகம் எடுக்கும் இடத்தில், ஊர்ப் பெரியவர்களின் பெயர்களைக் கூவுவார்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'கல் எறிதல்' என்று சொல்வார்களாம். யார்மேல் கல் விழுகிறதோ அவர் மகிழ்ந்துபோவார். அம்மா அதைக் கேட்டு ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். எங்கள் கோயில்களில் திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதும் அதுதான் என்று அவருக்குச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். உபயகாரருக்குப் பிரெஞ்சு தெரியாமல் கொஞ்சம் தடுமாறினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார். ஜனாதிபதியின் ஆட்கள் அவரைக் கூப்பிட்டு, தேர்தலுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். அவர் பாடினார். எட்டு நிமிடப் பாட்டு. அதில் ஜனாதிபதியின் பெயர் பதினான்கு முறை வந்தது. அந்தப் பாட்டு வானொலியில் போன அதே மாதத்தில் ஜனாதிபதிக்கு எதிராகத் தெருவில் ஊர்வலம் போனவர்களைப் படையினர் சுட்டார்கள். அதற்குப் பிறகு, வெளிநாடுகளில் இருந்த அவருடைய சனங்கள் அவரை எங்கேயும் பாட விடுவதில்லை. மண்டபத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அப்படி நிற்பவர்கள் தங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பிரெஞ்சுச் சொல்லை நான் யோசித்துப் 'போராளிகள்' என்று தமிழில் சொன்னேன்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.  பிறகு கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டினார். அன்றைக்கு வெட்டு கோணலாகப் போய்விட்டது.

கனடாவுக்கு வந்து முதன்முதலாக அவர் பாடப்போகும் நாள் குறிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் ஆட்களின் கலியாணங்கள் நடக்கும் ஒரு மண்டபத்தில். அதற்காக அம்மா கறுப்புக் கோட்டொன்றின் கொலரிலும் கையிலும் காஞ்சிபுரம் சாரியின் சரிகைக் கரையை வைத்துத் தைத்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து கடைசியாகப் போட்டுப் பார்ப்பதாகப் பாட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பாடசாலையால் வந்தபோது கீழே இரண்டு பேர் எலிவேற்றருக்குக் காத்து நின்றார்கள். ஒருவர் நரைத்த தாடியும் மூக்குக்கண்ணாடியும் உள்ளவர், மண்ணிறச் சால்வையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். மற்றவர் இளம் வயது, கம்பளித் தொப்பி. இருவரும் எனக்கு வழி விட்டு என்னை முதலில் ஏற விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் அது வழக்கமில்லை. என் கையிலிருந்த பிரெஞ்சுப் புத்தகத்தைத் தாடிக்காரர் பார்த்தார். எத்தனையாம் வகுப்பு என்று பிரெஞ்சில் கேட்டார். சொன்னேன். மிகவும் நன்றாகப் பேசுகிறாய் என்றார். பிறகு, ஒரு பாடகர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறாராமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தாங்கள் அவருடைய ஊர்த் தம்பிமார் என்றும், ஒட்டாவாவிலிருந்து வந்திருப்பதாகவும் சொன்னார்.

கேள்விக்கு முழு வசனத்தில் விடை சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஆசிரியையின் கட்டளை. ஆம் ஐயா, அவர் பதினான்காம் மாடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வசிக்கிறார் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். இன்றைக்கு நாலு மணிக்குக் கோட்டுப் போட்டுப் பார்க்க வருவார் என்பதையும் சேர்த்தேன். அந்த வசனத்தில் எதிர்காலம் சரியாக வந்தது என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். 

பதினான்கில் மூவரும் இறங்கினோம். நான் எங்கள் கதவைத் திறந்து உள்ளே போனேன். அவர்கள் அடுத்த கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டினார்கள், நின்றார்கள், பிறகும் தட்டினார்கள். நான் சப்பாத்தைக் கழற்றாமல் கதவிலுள்ள கண்ணாடித் துளையால் பார்த்தேன். நடையில் யாரும் இல்லை. போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் படிக்கட்டுக் கதவு முழுதாக மூடப்படாமல் இருப்பதைக் கண்டேன். அந்த இடுக்கில் ஒரு சப்பாத்தின் முனை தெரிந்தது.

பார்க்க வந்த தம்பிமார் ஏன் படிக்கட்டில் ஒளிக்க வேண்டும்?  அம்மா மெசினை நிறுத்திவிட்டு, கதவடியில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அம்மா எழும்பி வந்து என்னை விலக்கிவிட்டுத் தானும் துளையால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உவை ஆர்?"

நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அழுகை வந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு இறுக்கமாக அதற்கு முன்னும் பிடித்ததில்லை, பின்னும் பிடித்ததில்லை.

"அழாதை. அவை என்ன கேட்டவை, நீ என்ன சொன்னனி? சொன்னதை அப்பிடியே சொல்லு."

சொன்னேன். அம்மாவின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அடி விழும் என்று தோளை ஒடுக்கினேன். விழவில்லை. அம்மா சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நாலுக்கு இருபத்தைந்து நிமிடம்.

பாட்டுக்காரரின் இலக்கத்துக்கு என்னைக் கொண்டு அழைப்பித்தார். அவர் எடுக்கவில்லை. வர வேண்டாம் என்று பிரெஞ்சில் சொல்லிப் பதிவு செய்தேன். என் குரல் எனக்கே எலிக்குஞ்சு கத்துவது போலக் கேட்டது. அம்மா பொலிசை அழைக்க யோசித்து, விட்டுவிட்டார். அந்த மனிதரின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பிறகு அப்பாவை அழைத்தார். அப்பா பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் விநியோகிக்கும் வான் ஓடுபவர், அந்த நேரம் பிக்கரிங்கில் நின்றார். வேலையை விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு வரச்சொல்லி அம்மா சொன்ன விதத்தில், அப்பா ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்.

அம்மா அலுமாரியைத் திறந்து, மடித்து வைத்திருந்த சுத்தமான உடுப்புகளையும் படுக்கை விரிப்புகளையும் உடுப்புத் தோய்க்கும் வண்டிலில் அள்ளிப் போட்டார். மேலே சவர்க்காரப் போத்தலை வைத்தார்.

"நாங்கள் லோண்டரிக்குப் போறம். அவையைப் பாராதை."

கதவைத் திறந்து நடையில் இறங்கினோம். வண்டிலின் ஒரு சில்லு கிறீச்சிட்டது. படிக்கட்டுக் கதவு திறந்தது. இளைஞர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், வண்டிலைப் பார்த்தார், பிறகு எலிவேற்றர் பொத்தானை எங்களுக்காக அழுத்தினார். கதவு திறந்ததும் அது மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றி, சின்னவளே என்று எனக்குச் சொன்னார். அவர் எங்களைத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

கீழே பின்வாசலுக்குக் கிட்ட, குப்பை அறையின் மூலையில் நின்றோம். பஸ்ஸால் இறங்கிப் பாட்டுக்காரர் அந்த வழியால்தான் வருவார். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எட்டிப் பார்த்தேன். ஒரு முறை பீட்சாக்காரன். ஒரு முறை நாயோடு ஒரு பெண். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதலில் அந்த வாசனை வந்தது, பிறகு ஊதாக் கோட்டு. என்னைக் கண்டு சிரித்துக் கை விரித்தார்.

அம்மா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். நான் சொன்னேன். இரண்டு பேர் மேலே காத்திருக்கிறார்கள், நான்தான் அவர்களுக்குச் சொன்னேன் என்று சொன்னேன். அவருடைய விரித்த கைகள் அப்படியே நின்றன. அவர் கேட்டது ஒன்றுதான்: அவர்களிடம் கமெரா இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. பிரசெல்சில் ஒருமுறை நடுத் தெருவில் அவருடைய உடுப்புகளைக் கிழித்துப் படம் எடுத்தார்கள் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பெரிய மனிதர் குப்பை அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். பெரியவர்களுக்கும் பயம் வரும் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைப் பார்த்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அம்மா அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து லோண்டரி அறைக்குள் இழுத்துப்போனார். அளவு நாடா இல்லாமல் அவரை அம்மா தொட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அறையின் கோடியில் உடுப்பு மடிக்கும் பெரிய மேசை ஒன்று இருந்தது. அம்மா அதன் மேல் ஒரு விரிப்பைத் தொங்கவிட்டு, பின்னால் அவரை நிலத்தில் இருத்தினார். நடந்தால் சத்தம் கேட்கும் என்று அவர் வெள்ளைச் சப்பாத்துகளைக் கழற்றினார். அம்மா சுத்தமான உடுப்புகளை மெசினில் போட்டு ஓடவிட்டார். நான் பக்கத்தில் நின்று காலுறைகளைச் சோடி சேர்த்தேன். சோடி ஏற்கெனவே சேர்ந்திருந்தவற்றைப் பிரித்துத் திரும்பச் சேர்த்தேன்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. எலிவேற்றரின் மணி அடித்தது. காலடிகள் வந்தன. கதவின் சின்னக் கண்ணாடியில் மண்ணிறச் சால்வை தெரிந்தது. தாடிக்காரர் உள்ளே வந்தார். இளைஞர் வாசலிலேயே நின்றார்.

தாடிக்காரர் அம்மாவுக்குத் தலை அசைத்துவிட்டு, அவர் வந்துவிட்டாரா என்று என்னிடம் கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விளங்காத முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சில் நான் அதுவரை பொய் சொன்னதில்லை. இல்லை ஐயா, அவர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார், இன்றைக்கு வரமாட்டார், றிச்மண்ட் ஹில்லுக்குப் போய்விட்டார் என்றேன். எங்கள் பிள்ளையார் கோயில் இருக்கும் இடம் என்பதைத் தவிர, றிச்மண்ட் ஹில் ஏன் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. பதற்றத்தில் 'போய்விட்டார்' என்பதற்குத் துணைவினையை மாற்றிப் போட்டுவிட்டேன். அவர் குனிந்து, மெதுவாக, ஆசிரியரைப் போல அதைத் திருத்தினார். நான் அவர் திருத்தியபடி திரும்பச் சொன்னேன். பொய்யை இரண்டு தரம் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்த நேரம் நான் வாசலைப் பார்த்தேன். இளைஞரின் கண் மேசைக்குக் கீழே நிலைத்திருந்தது. விரிப்பின் ஓரத்தில், ஒரு வெள்ளைச் சப்பாத்தின் குதி வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார் என்றே நான் நம்புகிறேன். எவ்வளவோ நேரம் பார்த்தது போல இருந்தது. தையல் மெசினின் ஊசி என் நெஞ்சுக்குள் ஓடியது. பிறகு அவர் தங்கள் மொழியில் தாடிக்காரரிடம் ஏதோ சொன்னார். அது 'இங்கே இருக்கிறார்' என்பதா, 'போவோம்' என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

தாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் தந்தார். "இதை அவரிடம் கொடு. இவை பெயர்கள். ஒரு பெயரைப் பதினான்கு முறை பாடியவர் இவற்றை ஒரு முறையாவது வாசிக்கட்டும்."

இருவரும் போனார்கள். கட்டடத்தை விட்டுப் போனார்களா, வெளியே நின்றார்களா என்று தெரியாததால் நாங்கள் அசையவில்லை. அடிக்கத்தான் வந்தார்களா, அந்தத் தாளைக் கொடுக்கத்தான் வந்தார்களா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தாளை அவரிடம் நீட்டினேன். நிலத்தில் இருந்தபடியே விரித்தார். இரண்டு பக்கமும் கையெழுத்தில் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனார். ஒரு பெயரில் விரல் நின்றுவிட்டது. அது அந்தப் பிரேக் கம்பிக் கிற்றார்காரரின் பெயர் என்றார். பிறகு என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டதால் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தத் தேர்தல் பாட்டுக்கு வாசிக்க மாட்டேன் என்று அவருடைய சிநேகிதர் எழும்பிப் போய்விட்டாராம். பாட்டு முடிந்த பிறகு ஜனாதிபதியின் ஆட்கள் வந்து, முதலாம் கிற்றார் ஏன் இல்லை, வாசிக்க மறுத்தது யார் என்று கேட்டார்களாம். இவர் சிநேகிதரின் பெயரைச் சொன்னாராம். வீடு எங்கே என்று கேட்டார்களாம். அதையும் சொன்னாராம்.

அதில் எனக்கு வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை. கேட்டார்கள், சொன்னார். நானும் எலிவேற்றரில் அப்படித்தானே சொன்னேன். ஆனால் அவர் அந்தத் தாளை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மினார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது.

 அம்மா பெரிய படுக்கை விரிப்பொன்றை எடுத்து உதறினார். தனியாக மடிக்க முடியாத விரிப்பு. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"நானும் உன்ரை வயசில, வாசலில வந்து கேட்டவைக்கு என்ரை அண்ணாவைக் காட்டிக் குடுத்தனான். அதை அவருக்குச் சொல்லு."

அம்மாவுக்கு ஒரு அண்ணா இருந்தார் என்பதும், நான் பிறப்பதற்கு முன்பே அவர் செத்துப்போனார் என்பதும் எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை. அம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் கவனமாகப் பிரெஞ்சில் சொன்னேன்: என் அம்மா என் வயதில், கதவடிக்கு வந்த சிலருக்குத் தன் அண்ணாவைக் காட்டினார், பிறகு கொடுத்தார்.

"எதைக் கொடுத்தார்?" என்று அவர் கேட்டார்.

அது எனக்கும் தெரியவில்லை. "அம்மா, என்னத்தைக் குடுத்தனீங்கள் எண்டு கேக்கிறார்."

அம்மா விரிப்பின் இரண்டு மூலைகளைத் தேடிப் பிடித்தார்.  பாட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழும்பி, காலுறையோடு வந்து, விரிப்பின் மற்ற இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டார். இருவரும் அதை மடித்தார்கள். கிட்ட வந்து மூலைகளைச் சேர்த்தார்கள், விலகினார்கள், திரும்பவும் கிட்ட வந்தார்கள். அது முடிந்ததும் இன்னொரு விரிப்பை எடுத்தார்கள்.

அப்பாவின் வான் பின்வாசலில் வந்து நின்றது. பாண் தட்டுகளுக்கு நடுவே அவரைப் படுக்க வைத்து, மேலே ஒரு விரிப்பைப் போட்டு அப்பா கொண்டுபோனார். ஹமில்டனில் பாட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு பாதிரியாரின் வீட்டில் இறக்கிவிட்டதாகப் பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நடக்கவில்லை. மண்டபக்காரர் பயந்து மறுத்துவிட்டதாகக் கேள்வி. அடுத்த கிழமை யாரோ வந்து அவருடைய வீட்டுச் சாமான்களை எடுத்துப்போனார்கள். சரிகை வைத்த கோட்டையும் அம்மா அவர்களிடம் கொடுத்தனுப்பினார். பல வருடங்கள் கழித்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, இணையத்தில் அவரைத் தேடினேன். ஒரு தேவாலயத்தின் கீழறையில் எடுத்த காணொளி ஒன்று அகப்பட்டது. மெலிந்துபோய், சாதாரண நீலச் சட்டையோடு கதிரையில் இருந்து பாடினார். பக்கத்தில் ஒரே ஒரு கிற்றார். முன்னால் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். பாட்டின் நடுவே பெயர்களைக் கூவினார். ஒவ்வொரு பெயருக்கும் சனங்கள் தலை குனிந்தார்கள். பெயர்கள் நீண்டுகொண்டே போயின.

அந்த வெள்ளிக்கிழமை வான் போன பிறகு, அம்மாவும் நானும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு எலிவேற்றரில் ஏறினோம். ஒரு காரணமும் இல்லாமல் தோய்த்த ஈர உடுப்புகள் வண்டிலில் கனத்துக் கிடந்தன. வீட்டுக்குப் போனதும் எனக்குப் பேச்சு விழும், அப்பா வந்ததும் திரும்பவும் விழும் என்று காத்திருந்தேன். பதினான்காம் மாடி வந்தது. நடையில் யாரும் இல்லை. அம்மா கதவைத் திறந்து, உள்ளே போய், சங்கிலியைக் கொழுவினார். பிறகு என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, இறுக்கிப் பிடித்ததில் சிவந்துபோன என் மணிக்கட்டுக்கு எண்ணெய் பூசிவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை.

இவ்வளவு பெரிய பிழை விட்ட என்னை அம்மா ஏன் ஏசவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. மற்றதெல்லாம், லோண்டரி அறையில் அம்மா சொன்னது உட்பட, எனக்கு விளங்கிவிட்டது என்றே நினைத்தேன். நான்தானே அதை மொழிபெயர்த்தேன்.